பொட்டு மீனும் ஒரு ஈரச் சாக்கும்

காஞ்சிபுரத்தில் ஒரு குளத்து மீனைப் பூண்டோடு ஒழித்தவன் நான். அதைப் பாராட்டி எனக்குச் சால்வை போர்த்தினார்கள். நம்மூர் என்பதால் சால்வை அசல் பட்டு. போர்த்தும்போது புகைப்படக்காரருக்கு வாகாகத் தோளைச் சற்று முன்னால் சாய்த்து நின்றேன் என்பதையும் மறைக்கப்போவதில்லை. காலடியில் குளம். அதில் நான் சற்றுமுன் ஊற்றிய எமன்கள், புதுவீட்டுக்குக் குடிவந்தவர்களைப் போல மூலை மூலையாகச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தன.

ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. இதை யாரிடமும் சொல்லாமலே காலத்தைத் தள்ளிவிடலாம் என்றுதான் இருந்தேன். போன மாதம் நஸ்ரின் போன் செய்தார். என் நாற்காலியில் இப்போது உட்காரும் மீன் ஆய்வாளர் அவர்.

“சார், இப்பல்லாம் நாங்க வலையே போடறதில்ல. ஒரு பாட்டில் தண்ணி எடுத்து லேபுக்கு அனுப்பிச்சிட்டா, குளத்துல இன்னின்ன மீன் இருக்குதுன்னு பேப்பர்ல வந்துடுது.”

“அப்போ குளத்தை யாரும்மா பாக்கிறது?”

“அதுக்கெல்லாம் டைம் இல்ல சார். நீங்க பாத்தத எழுதிக் குடுங்க, நாங்க படிச்சிக்கிறோம்.”

பார்த்ததை எழுதுவது சுலபம். பார்க்காததை எழுதத்தான் கொஞ்சம் வெட்கம் கெடவேண்டும். எனக்கு அந்த வயது வந்துவிட்டது.

நான் படித்தது கடலுக்காக. பயிற்சிக் காலத்தில் ஆறு மாதம் படகில் வாந்தி எடுத்தேன். ஆறு மாதம் முகத்துவாரத்துச் சேற்றில் செருப்புகளைத் தொலைத்தேன். மனதில் நின்றது ஒரே ஒரு காலைப்பொழுது. கடல்நீரை மெல்லிய துணி வலையில் வடித்து, ஒரு சொட்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துக் காட்டினார்கள். நண்டுக் குஞ்சு, சிப்பிக் குஞ்சு, இன்னும் எது என்று சொல்லமுடியாத வயதில் ஏதேதோ, எல்லாம் கண்ணாடித் துணுக்குகளாக மிதந்தன. சாகும்வரை பாறையை விட்டு நகராத சிப்பிகூடக் குழந்தைப் பருவத்தில் ஊர் சுற்றுகிறது. நீரோட்டம் எங்கே ஒதுக்குகிறதோ அங்கே ஒட்டிக்கொண்டு, இதுதான் நான் தேர்ந்தெடுத்த இடம் என்று வாழ்ந்துவிடுகிறது. அரசாங்க நியமனமும் ஏறக்குறைய அதே முறைதான். என்னை அது கடல் இல்லாத காஞ்சிபுரத்தில் ஒதுக்கியது.

வந்த புதிதில் மாவட்ட வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு மத்தியானங்களில் அரைத்தூக்கமாக அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். ஏரி, தாங்கல், குட்டை, கோயில் குளம் என்று நீலத் திட்டுகள். கொஞ்ச நேரம் பார்த்தால் படம் தலைகீழாகப் புரண்டுவிடும். நிலம்தான் கடல், குளங்கள்தான் தீவுகள் என்று தோன்றும். தெரு, பஸ் நிலையம், தறிச் சத்தம், அரிசி ஆலை எல்லாம் சேர்ந்த ஒரு பெரிய வறண்ட சமுத்திரம். அதன் நடுவே நாலு பக்கமும் கல்படி கட்டிய ஒரு தீவில் கைவிரல் நீள மீன் ஒன்று, உலகமே நூறடிக்கு நூறடிதான் என்று நம்பி, தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துகொண்டிருக்கும். இந்த எண்ணத்தின் நடுவில்தான் வழக்கமாக மேடம் வந்து மேசையைத் தட்டுவார்.

ஸ்டெல்லா மேடம் எங்கள் உதவி இயக்குநர். ஏரிக்குக் கீழே கூலி வேலை செய்த குடும்பத்தின் முதல் பட்டதாரி. எந்த மதகைத் திறந்தால் எந்த வயலில் கால் நனையும் என்று வரைபடம் பார்க்காமல் சொல்வார். பேச்சு குறைவு. ‘ம்’ என்ற ஒரே எழுத்தை ஏழெட்டுச் சுருதிகளில் சொல்லுவார். எந்தச் சுருதிக்கு விடுமுறை கிடைக்கும், எதற்கு மெமோ வரும் என்று பிரித்தறிய எனக்கு மூன்று வருடம் பிடித்தது.

அவர் வைத்திருந்த முறைகளில் முதலாவது, ஒரு மணி நேரம். எந்தக் குளத்துக்குப் போனாலும் வலையைத் தொடுவதற்கு முன் கரையில் ஒரு மணி நேரம் சும்மா நிற்க வேண்டும். நிழல் தண்ணீரில் விழக்கூடாது. பேசக்கூடாது. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடி, அவர் நிற்பார். பக்கத்தில் நான் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பேன். இரண்டாவது, வலை. ஒரு குளத்தில் நனைந்த வலை, உப்புத் தண்ணீரில் அலசி முழுநாள் வெயிலில் காயாமல் அடுத்த குளத்துக்குப் போகாது. வாளிக்கும் அதே விதி. என் முழங்கால் பூட்சுக்கும் அதே விதி. ஒரு நத்தை முட்டை, ஒரு பாசித் துணுக்கு, ஒரு தீவிலிருந்து இன்னொரு தீவுக்கு அரசாங்கச் செலவில் பயணம் செய்யக்கூடாது என்பது அவர் பிடிவாதம். மூன்றாவது, பதிவேடு. ஒவ்வொரு குளத்துக்கும் ஒரு பக்கம். அதில் ‘மீன் இல்லை’ என்று யாரும் எழுதக்கூடாது. ‘இன்று தென்படவில்லை’ என்றுதான் எழுத வேண்டும்.

“இல்லைன்னு சொல்றதுக்கு நீங்க யாரு, குமரேசன்? அது வீட்டுக்குப் போய்ப் பாத்தீங்களா?” என்பார்.

தீவு விட்டுத் தீவு போகிறவர்களும் உண்டு. ஒரு ஐப்பசி மாலை, வாலாஜாபாத் சாலையில் பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். மழை விட்டும் விடாத நேரம். முகப்பு வெளிச்சத்தில் ஈரத் தார் ரோடு முழுக்கச் சிறுசிறு அசைவுகள். பனையேறிக் கெண்டைகள். நிரம்பி வழிந்த ஒரு குட்டையிலிருந்து இறங்கி, செவுள் மூடிகளைக் கைபோல ஊன்றி ஊன்றி, சாலையைக் கடந்து எதிர்ப்புறத் தாங்கலுக்குப் போய்க்கொண்டிருந்தன. டிரைவரைக் கெஞ்சி நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றேன். மழைச் சத்தம், எஞ்சின் உறுமல், நடுவில் மீன்கள் நடந்து போகும் அந்த மெல்லிய உரசல். கனவில் ஒரு ஊர்வலம் போனால் இப்படித்தான் போகும்.

“இன்னா சார், அதுங்களுக்கும் டிக்கெட் எடுக்கிறீங்களா? ஏறுங்க சார், பின்னாடி வண்டி நிக்குது பாரு,” என்றார் கண்டக்டர்.

அப்படி நடக்கத் தெரியாத ஒரு மீனைத்தான் நான் ஒழித்தேன்.

பிள்ளையார்பாளையத்தின் ஓரத்தில் ஒரு சிறு கோயிலை ஒட்டிச் சின்னக் குளம் என்று ஒன்று உண்டு. ஒரு காலத்தில் வரத்துக் கால்வாய் இருந்தது. இப்போது அதன்மேல் வீடுகள். மழை விழுந்தால்தான் தண்ணீர். அங்கே பொட்டு மீன் என்று ஒன்று இருந்தது. சுண்டு விரலில் பாதி. உடம்பு தண்ணீர் நிறம். மேலே இருந்து பார்த்தால் மீன் தெரியாது. உச்சந்தலையில் ஒரு வெள்ளிப் பொட்டு மட்டும் தெரியும். எப்போதும் மேல்மட்டத்திலேயே நிற்கும். இதே இன மீன் வேறு ஊர்களிலும் இருக்கிறது. அங்கே பொட்டு வட்டமாக இருக்கும். சின்னக் குளத்து மீனுக்கோ அரிசிமணி போல நீண்ட பொட்டு. கால்வாய் அடைபட்டு எத்தனை தலைமுறை அந்தச் சுவருக்குள்ளேயே இருந்து அந்தப் பொட்டு அப்படி நீண்டதோ.

இதெல்லாம் பின்னால் தெரிந்துகொண்டது. அன்று எனக்குத் தெரிந்தது கொசு மட்டும். அந்தப் பகுதியில் காய்ச்சல் வந்தது. மேடம் மூட்டு அறுவைச் சிகிச்சைக்காக நீண்ட விடுப்பில் இருந்தார். பொறுப்பு என்னிடம். கொசுப்புழு தின்னும் வெளிநாட்டு மீனை விடலாம் என்று, உவமைகள் சேர்த்து, இரண்டு பக்கத்துக்கு நானே முன்மொழிவு எழுதினேன், நானே அனுமதி வாங்கினேன், நானே இரண்டு பிளாஸ்டிக் குடங்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு போனேன். கரையில் ஒரு மணி நேரம் நிற்கவில்லை. புகைப்படக்காரர் அவசரப்பட்டார்.

ஊற்றுவதற்கு முன் ஒரு சுத்திகரிப்பும் செய்தேன். கீழ்ப்படியில் சாயப்பட்டறை யூசுப் பாயின் கோணிச்சாக்கு ஊறிக்கொண்டிருந்தது. அரக்குச் சாயம் ஏற்றிய பட்டு நூல் கழிகளை ஒரு ராத்திரி ஈரச் சாக்கில் சுற்றி வைத்தால் நிறம் திட்டு விழாமல் ஒரே சீராக உட்காரும் என்பது அவர் தொழில் ரகசியம். சாக்கு சின்னக் குளத்துத் தண்ணீரில்தான் ஊறவேண்டும் என்பது அவர் நம்பிக்கை. நாட்கணக்கில் அங்கேயே கயிறு கட்டிப் போட்டிருப்பார். என்னை அவர் கூப்பிடுவது ‘மீன் சார்’ என்று.

“பாய், இனிமே இங்க சாக்கு கீக்கு எதுவும் போடக்கூடாது. மீன் விடறோம்.”

“மீன் சார், சாக்கு அது பாட்டுக்கு ஒரு மூலையில கெடக்குது. இன்னா பண்ணுது உங்கள?”

“குளம் சுத்தமா இருக்கணும் பாய். போர்டு வைக்கப்போறோம்.”

அவர் தயங்கி நின்றார். நானே கயிற்றை அவிழ்த்து, வழுவழுவென்று பாசி பிடித்த அந்தச் சாக்கை இழுத்து, சொட்டச் சொட்ட அவர் மொபெட்டின் பின்னால் வைத்தேன். கை நாறியது. கழுவிக்கொண்டு போய்ச் சால்வை வாங்கிக்கொண்டேன்.

மூன்று மாதம் கழித்து மேடம் ஊன்றுகோலோடு வந்தார். நேராகச் சின்னக் குளத்துக்குத்தான் போகச் சொன்னார். ஒரு மணி நேரம் நின்றோம். பிறகு கேட்டார்.

“பொட்டு எங்க?”

“எந்தப் பொட்டு மேடம்?”

மேடம் ஊன்றுகோலைத் திருப்பினார். அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டைத் திறந்து வைத்தார். அவர் கையெழுத்திலேயே வருடா வருடம்: பொட்டு மீன், மேல்மட்டம், ஏராளம், கொசுப்புழு தின்கிறது.

“அந்த வேலையத்தான் அது சம்பளம் இல்லாம செஞ்சிக்கினு இருந்துச்சி. வேலை செஞ்சிக்கினு இருந்தவன ஏன் குமரேசன் டிஸ்மிஸ் பண்ணீங்க?”

நான் விட்ட மீன் கொசுப்புழுவோடு நிற்கவில்லை. பொட்டு மீன்களின் துடுப்பைக் கடித்தது, குஞ்சுகளைத் தின்றது. அன்றைய பக்கத்தில் மேடம் என்னையே எழுதச் சொன்னார். ‘மீன் இல்லை’ என்று எழுதினேன். அடித்துவிட்டு, ‘இன்று தென்படவில்லை’ என்று அவர் எழுதினார். அந்த ‘இன்று’ என்னை மூன்று வருடம் தூங்கவிடவில்லை.

அந்த மூன்று வருடத்தின் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் ஒரே ஞாயிற்றுக்கிழமையாகத்தான் நினைவில் இருக்கின்றன. விடியலில் ஏதோ ஒரு குட்டைக் கரையில் நிழல் விழாமல் நிற்கிறேன். பனி விலகுகிறது. தண்ணீர் வெளுக்கிறது. தட்டான் ஒன்று அதே இடத்தில் அதே வட்டம் போடுகிறது. நீண்ட பொட்டு ஒன்று தெரிகிறதா என்று பார்க்கிறேன். தெரிவதெல்லாம் மழைத்துளி விழுந்த குமிழிகள். கொக்குகளின் மேல் எனக்குப் பெரிய நம்பிக்கை இருந்தது. கொக்குக் காலில் பாசி ஒட்டும், பாசியில் முட்டை ஒட்டும், கொக்கு பறக்கும், எங்கோ ஒரு தீவில் இறங்கும். இதைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தேன். கொக்குகள் நிற்கும் மரத்தடியில் தொலைநோக்கியோடு நின்று அவற்றின் கால்களையே பார்த்தேன். கொக்குகள் தம்மால் முடிந்ததை என் சட்டை மேல் விட்டுச் சென்றன. அதில் மீன் முட்டை எதுவும் இல்லை. வேறு ஊரிலிருந்து வட்டப் பொட்டு மீனைக் கொண்டுவந்து விட்டுவிடலாமா என்று ஒருமுறை கேட்டேன்.

“காணாம போன புள்ளைக்குப் பதிலா பக்கத்து வீட்டுப் புள்ளைய இஸ்துக்கினு வந்து குடுப்பீங்களா?” என்றார் மேடம்.

மூன்றாம் வருடக் கோடையில் சின்னக் குளம் அடிவரை காய்ந்து வெடித்தது. என் வெளிநாட்டு விருந்தாளிகள் கடைசிச் சேற்றில் செத்தன. பிறகு நல்ல மழை. குளம் நிரம்பியது. புதுத் தண்ணீர், எந்த மீனும் இல்லாத தண்ணீர், வானத்தை அப்படியே வாங்கிக்கொண்டு கண்ணாடி போலக் கிடந்தது. ஒரு வீடு முழுக்கக் கழுவி, கதவைத் திறந்துவைத்து, வரவேண்டியவர் உலகத்திலேயே இல்லை என்றால் எப்படி இருக்கும். அப்படி இருந்தது.

அந்த வாரம்தான் யூசுப் பாய் அலுவலகத்துக்கு வந்தார்.

“மீன் சார், உங்க மீனுதான் எல்லாம் போய்ச் சேந்துடுச்சே. இப்பவாச்சும் சாக்கு போடலாமா?”

எனக்கு எரிச்சல். “இத்தன வருஷம் எங்க போட்டீங்களோ அங்கயே போடுங்க.”

“மச்சான் கெணத்துல போட்டுக்கினு இருந்தேன். வாலாஜாபாத் போற வழியில. அங்க போய்ப் போய்ப் பெட்ரோலுக்கே சரியாப் போவுது சார்.”

ஏன் கேட்டேன் என்று தெரியாது. மூன்று வருடப் பழக்கதோஷம். “அந்தக் கெணத்துல மீன் ஏதாச்சும் இருக்குதா பாய்?”

“இருக்குதே. நம்ம குளத்துல இருந்துச்சே, அதே பொடிசு. தலையில அரிசி மாதிரி வச்சிக்கினு.”

“எப்பத்திலிருந்து?”

“நான் சாக்கு போட்டு ஒரு மாசம் ரெண்டு மாசத்துல பாத்தேன். மொதல்ல கெடயாது.”

“ஏன் பாய் இத்தன நாளா சொல்லல?”

“நீங்க கொக்கப் பாத்துக்கினு இருந்தீங்க. நடுவுல இன்னாத்துக்கு தொந்தரவு பண்ணணும்?”

மேடம் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டார். மாலை நாலு மணிக்குக் கிணற்றடியில் இருந்தோம். பழைய இறவைக் கிணறு, கல்படி இறங்கும், எந்த வாய்க்காலும் உள்ளே வராது, வெளியே போகாது. கீழே பச்சைக் கருமையான தண்ணீர். அதன்மேல் ஐம்பதோ நூறோ வெள்ளி அரிசிமணிகள், அசையாமல், மேல்நோக்கி. பகலில் நட்சத்திரம் பார்க்கக் கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கவேண்டும் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறேன். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன். மேடம் வழக்கம்போல ஒரு மணி நேரம் நின்றார்.

பிறகு, படியில் கட்டியிருந்த சாக்கிலிருந்து நாலு இழை பிய்த்து, வெள்ளைப் பீங்கான் தட்டில் தண்ணீர் விட்டு அதில் போட்டார். பையிலிருந்து லென்ஸை எடுத்து வெகுநேரம் பார்த்தார். என்னிடம் நீட்டினார். சணல் நாரில் மெல்லிய இழைகளால் தன்னைக் கட்டிக்கொண்டு ஒரு முட்டை, பனித்துளி போல. அதற்குள்ளிருந்து இரண்டு கண்கள் என்னைப் பார்த்தன. இமைக்கவில்லை. மீனுக்கு இமை கிடையாது என்று எனக்குத் தெரியும்; இருந்தாலும் நான்தான் முதலில் பார்வையை விலக்கினேன்.

பாசியில் ஒட்டவேண்டிய முட்டையை அது கோணிச்சாக்கில் ஒட்டியிருந்தது. கொக்கு இல்லை, வெள்ளம் இல்லை. அந்த நாற்றமெடுத்த சாக்கைச் சொட்டச் சொட்ட வண்டியில் ஏற்றி அனுப்பியது நான். அன்று காலையில் ஒரு வம்சத்தைத் தப்பவிட்டு, அரை மணி நேரத்தில் மிச்சத்தை ஒழித்திருக்கிறேன். இரண்டில் எதையும் அறிந்து செய்யவில்லை.

“சாக்க அலசி வெயில்ல போட்டிருந்தா?” என்றேன்.

“நம்ம ரூல் படி போட்டிருந்தா இதுங்களும் காஞ்சி போயிருக்கும்,” என்றார் மேடம். “ம்.” அது அதுவரை நான் கேட்டிராத சுருதி.

வலை வேண்டாம் என்று அவரே முடிவு செய்தார். வலையில் பட்டால் அந்த மீன் தாங்காது. முட்டைகள் சேர்ந்து ஒட்டட்டும் என்று சாக்கு பன்னிரண்டு நாள் கிணற்றில் கிடந்தது. அதற்குள் நான் வைத்த போர்டை நானே கழற்ற, எனக்கு நானே காரணம் கேட்டு, எனக்கு நானே பதில் எழுதி, கோப்பை முடித்தேன். பதிமூன்றாம் நாள் காலை, யூசுப் பாய் மொபெட் ஓட்ட, பின்னால் நான் சாக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து வந்தேன். வழியெல்லாம் பாட்டில் தண்ணீரை அதன்மேல் தெளித்துக்கொண்டே வந்தேன். பேண்ட் முழுக்க அரக்கு நிறம்.

“மெதுவா போங்க பாய், குலுங்கப்போவுது.”

“மாசமா இருக்கிற பொம்பளைய ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போற மாதிரி பண்றீங்களே சார்.”

கீழ்ப்படியில் பழைய இடத்திலேயே கட்டினோம். அதன்பின் தினமும் விடியலில் போய் நின்றேன். முதல் வாரம் ஒன்றும் இல்லை. இரண்டாம் வாரம் ஒன்றும் இல்லை. முட்டைகள் வெயிலில் காய்ந்திருக்கும், தண்ணீர் ஒத்துக்கொண்டிருக்காது, தவளை தின்றிருக்கும். ஒவ்வொரு நாளும் பதிவேட்டில் ‘இன்று தென்படவில்லை’ என்று எழுதும்போது, அந்த முதல் சொல்லைக் கொஞ்சம் அழுத்தி எழுதினேன்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் காற்றே இல்லை. கோபுரத்தின் பிம்பம் தண்ணீரில் தலைகீழாக நின்றது. அந்தப் பிம்பத்தின் மேல் ஊசி முனை அளவில் ஒரு வெளிச்சம். வெயில் இன்னும் வரவில்லை. அதன் பக்கத்தில் இன்னொன்று. அப்புறம் ஏழெட்டு. கண்ணைத் தேய்த்துக்கொண்டு மீண்டும் பார்த்தேன். சிறிசுதான், ஆனாலும் நீளப் பொட்டு.

மேடத்துக்குப் போன் செய்யலாம் என்றால் விடிந்தும் விடியாத நேரம். யாரிடமாவது சொல்லியாக வேண்டும். படியில் பொரி விற்கும் அம்மா அப்போதுதான் வந்து முறத்தை வைத்துக் கடை விரித்துக்கொண்டிருந்தார். முப்பது வருடமாக அந்தக் குளத்துப் படியிலேயே உட்காருகிறவர்.

“பாருங்கம்மா, அங்க பாருங்க,” என்றேன். “பொட்டு மீன். திரும்பி வந்துடுச்சி.”

அவர் கண்ணுக்குமேல் கையை வைத்துத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

“அது எங்க சார் போச்சி, திரும்பி வர்றதுக்கு? மொதல்ல பொரி மேல இருந்து கால எடுங்க.”